எங்கள் கிணற்றுக்காக நான் மூன்று நிமிடம் உண்மை பேசிய வரலாறு

ஹெம்லாக் ஓடை, வட பென்சில்வேனியா
அக்டோபர் 19

மகாகனம் பொருந்திய மருமகள் கோரினுக்கு, நாற்பத்திரண்டு கறவை மாடுகளின் அதிபதியும், இந்த மலைச்சரிவின் ஏகச் சக்கரவர்த்தியும், உன் அம்மாவுக்கு வாய்த்த ஒரே தம்பியுமாகிய லூதர் மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை வெர்னாவும் மாடுகளும் சௌக்கியம். பிட்ஸ்பர்கில் நீயும், உன் வயிற்றில் ஏழு மாதமாக வாசம் செய்யும் இளவரசியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் நம் பண்ணைக்கே குடிவர ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். படித்ததும் நான் குதித்த குதியில் கொட்டகைக் கூரை நாலு அங்குலம் மேலே போனது. ஆனால், ‘பக்கத்து வயலில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கப் போகிறார்களாமே, நம் கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? இந்த ஒரு தடவையாவது கதை விடாமல் பதில் சொல்லுங்கள் மாமா’ என்றும் கேட்டிருந்தாய். நான் என்றைக்கம்மா கதை விட்டேன்? போகட்டும், நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்து வயல் டார்வின் ஸ்ட்ரோப்புடையது. நம் கிணற்றிலிருந்து ஐந்நூறு அடி, பள்ளிக்கூட மைதானத்திலிருந்து அறுநூறு அடி. அங்கே ஒரு மைல் ஆழத்துக்குத் துளை போட்டு, அப்படியே பக்கவாட்டில் திருப்பி, தண்ணீர், மணல், வாயில் நுழையாத பெயருள்ள ரசாயனங்கள் எல்லாவற்றையும் அழுத்தி ஏற்றிப் பாறையை விரிசல்விட வைத்து எரிவாயுவை உறிஞ்சுவார்களாம். இதைப் பேச ஆகஸ்டில் ஊர்சபை கூடியது. வழக்கம்போல் தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு தீயணைப்பு நிலையக் கூடத்தில்தான் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம். முட்டை வேகவைக்கும் மணியைத் திருகி மேசைமேல் வைத்துவிடுவாள் சபைத் தலைவி எல்வீரா. என் முறை வந்தது. பூசணிப் பணியாரம் தின்ற தெம்பில் எழுந்து, துளை போட்ட ஊர்களில் மாடு ஏப்பம் விட்டால் வைக்கோற்போர் பற்றிக்கொள்கிறது, மீன்கள் முகமூடி போட்டுக்கொண்டு நீந்துகின்றன, என் மச்சான் ஒருவன் குழாயைத் திறந்து, தண்ணீரோடு வரும் தீயிலேயே தாடியைப் பொசுக்கிக்கொள்கிறான் என்று முழங்கினேன். கைதட்டலில் கூடமே அதிர்ந்தது. அத்தனையையும் எல்வீரா ஓர் எழுத்து விடாமல் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது.

போன செவ்வாய்க்கு முந்தைய செவ்வாய் மறுபடி கூட்டம். இரண்டு விதிகள் ஓட்டுக்கு வந்தன: துளை போடும் இடம் வீட்டுக் கிணறுகளுக்கும் பள்ளிக்கும் இரண்டாயிரம் அடி தள்ளியிருக்க வேண்டும், துளை போடுமுன் ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் யார் பக்கமும் சேராத ஆய்வுக்கூடம் சோதித்து எழுத்தில் கொடுக்க வேண்டும். எரிவாயுக் கம்பெனி சார்பில் ஓக்லஹோமாவிலிருந்து வந்திருந்த பிரெஸ்டன் எழுந்தான். இஸ்திரி கலையாத சட்டை, கையில் நம் குறிப்பேட்டின் நகல்.

“ஹாக்கன்பெரி ஐயா, அந்த மாடு இன்னும் நெருப்புக் கக்குதுங்களா? இல்ல, இப்ப கொஞ்சம் பரவால்லையா?”

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதுதான் பள்ளிக்கூட டீச்சரைப் பார்த்தேன், கோரின். துளைக்கு மணல் ஏற்றிவரும் லாரிகளின் புழுதியில் மூச்சிளைக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேச நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தவள், அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். என் மாட்டுக் கதைக்குப் பிறகு யார் அவளை நம்புவார்கள்? எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றேன். மணி திருகப்பட்டது.

“எழுதிக்க எல்வீரா. நான் ஒரு புளுகன். எந்த மாடும் நெருப்புக் கக்கல.”

“அது எங்களுக்குத் தெரியும், மேல சொல்லு” என்றாள் அவள்.

“டார்வின் மேல எனக்குக் கோபமில்ல. அவன் குத்தகைக்குக் கையெழுத்துப் போடலன்னா அவன் பண்ணை ஏலத்துக்குப் போயிருக்கும். துளை போட்டா தண்ணி கெட்டுடும்ங்கறாங்க, அதெல்லாம் கெடாதுங்கறாங்க. எனக்குத் தெரியாது. தெரியலங்கறதுதான் என் கவலையே. என் அக்கா பொண்ணு கைக்குழந்தையோட வரப்போறா. இன்னிக்கு என் கிணத்துத் தண்ணி சுத்தம். அது பேப்பர்ல இருக்கணும். நாளைக்குக் கெட்டுப்போச்சுன்னா, புளுகன் சொல்றான்னு யாரும் சிரிச்சிடக் கூடாது. என்னை நம்ப வேண்டாம்ப்பா, பேப்பரை நம்புங்க.”

கூடவே கொண்டுபோயிருந்த நம் கிணற்றுத் தண்ணீர் ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிப் பிரெஸ்டனிடம் நீட்டினேன். “குடிச்சுப் பாருங்க தம்பி, தேனு!” அவன் மறுக்காமல் இரண்டு டம்ளர் குடித்து, “நல்லாத்தான் இருக்குங்க” என்றான். மணி அடித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் பையைத் திறந்து அந்த நாலு பக்கத்தையும் எடுத்துப் படித்தாள். மணி அடித்த பிறகும் எல்வீரா அவளை நிறுத்தவில்லை. கடைசியில் டார்வின் எழுந்து தலையைச் சொறிந்தான்.

“மலையோரமா இருக்கற பின்வயல்ல போட்டுக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. தண்ணியையும் சோதிச்சிடுங்க. இல்லன்னா இவன் செத்த பிறகும் வந்து என்னைத்தான் திட்டுவான்.”

சபை உறுப்பினர் மூவரில் இருவர் ஓட்டு நம் பக்கம். இரண்டு விதிகளும் நிறைவேறின! வீடு திரும்பும்போது உன் அத்தை வண்டியை ஓரங்கட்டிவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்துல நீ சேர்ந்தாப்ல மூணு நிமிஷம் உண்மை பேசி இப்பத்தான் பாக்குறேன். உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்றாள். பிரெஸ்டன் அதற்குப் பிறகு மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. என் பேச்சில் வெட்கிப் போய்விட்டான் என்று ஊரே சொல்கிறது, அதாவது நான் சொல்கிறேன்.

ஆகவே மருமகளே, தைரியமாகப் புறப்பட்டு வா. தொட்டிலுக்கு மேப்பிள் மரம் அறுத்தாயிற்று. உனக்குச் சுகப்பிரசவமாகி, பிள்ளை நூறு வயதுக்குக் குறையாமல் இந்தத் தண்ணீரைக் குடித்து வாழச் சக்கரவர்த்தியின் ஆசிகள். உன் வீட்டுக்காரனுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
வாய்மையே உருவான உன் மாமா,
லூதர் ஹாக்கன்பெரி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஆய்வுக்கூடத்துப் பேப்பர் வந்தது. முதலில் சோதித்தது நம் கிணற்றைத்தான். எரிவாயு இல்லை, ரசாயனம் இல்லை. மாட்டுச்சாணக் கிருமி மட்டும் ஏராளம்! எங்கள் வயிற்றுக்கு அது பழகிப்போயிருக்கிறது. கிணற்றைக் கொட்டகைக்கு நேர் கீழே சரிவில் தோண்டிய புத்திசாலி என் கொள்ளுத்தாத்தா. ஆக, ஒரு கம்பெனியும் வருமுன்பே நம் தண்ணீரை நாமே கெடுத்துக்கொண்டோம். வாழ்நாளில் நான் சத்தியமாகச் சொன்ன ஒரே விஷயமும் பொய். பிரெஸ்டன் மூன்று நாள் படுத்திருந்தது வெட்கத்தால் அல்லவாம். விடுதிக் கழிப்பறையிலேயே குடியிருந்தானாம். வெர்னா கோழி சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். தண்ணீரைச் சோதிக்காமல் துளை போடவே கூடாது என்று இப்போது எங்கள் எல்லோரையும்விட உரக்கச் சொல்பவன் அவன்தான். மேட்டில் புதுக் கிணறு தோண்டுகிறோம், மண் வெட்டும் இயந்திரம் டார்வினுடையது. குழந்தை பிறக்குமுன் தண்ணீர் வந்துவிடும். திறப்பு விழாவுக்குப் பிரெஸ்டனையும் அழைத்தேன். “கட்டாயம் வர்றேங்க. முதல் டம்ளரை நீங்க குடிங்க, நான் பேப்பரைப் பாத்துட்டுக் குடிக்கிறேன்” என்றான்.