போயிட்டு வாறன்

"அப்ப மச்சான், நான் போயிட்டு வாறன்" என்று இராசையா தோள்பையை மாட்டிக்கொண்டு படலையடியில் நின்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து தர்மசீலன் இந்த ஒரு வசனத்துக்காகத்தான் காத்திருந்தார். இருந்தாலும் அந்தச் சந்தோசத்தை முகத்துக்கு வரவிடாமல், "இப்பவே வெளிக்கிட்டிட்டீங்களோ அத்தான்? என்ன அவசரம்?" என்று கேட்டார். அவர் வேண்டாமென்று நினைத்திருந்தாலும் அவருடைய வாய் கேட்டிருக்கும்.

"கொஞ்சம் அலுவல் கிடக்கு."

"சரி, போயிட்டு வாங்கோ."

திருகோணமலைத் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு நிற்க, அதைச் சுற்றிக்கொண்டு இராசையா பஸ் நிலையப் பக்கம் நடந்தார். அவர் திருப்பத்தில் மறைவதற்குள் தர்மசீலனின் மனைவி சோபனா முன்னறைக் கட்டில் விரிப்பை உருவிவிட்டாள். மகள் துசானியின் அறை அது. வருகிற திங்கட்கிழமை அவளுக்கு உயர்தரப் பரீட்சை தொடங்குகிறது. மேசை, மின்விசிறி, சுவரில் ஒட்டிய நேர அட்டவணை எல்லாம் அந்த அறையில் இருக்க, பிள்ளை இரண்டு நாளாகக் குசினியில் அரிசி மூட்டையில் சாய்ந்தபடி உயிரியல் படித்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குப் படலை திறந்தது. ஒரு கிலோ கீரிமீன் பையுடன் இராசையா உள்ளே வந்தார்.

"வந்திட்டன்" என்றார்.

இராசையா சோபனாவின் ஒன்றுவிட்ட அண்ணன். வெருகல் பக்கத்தில் வயல் செய்கிறவர். காணி உறுதி ஒன்றுக்காகக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, வந்திருந்தார். ஆனால் அவர் வந்ததற்கு உண்மையான காரணம், இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு கலியாண வீட்டில் தர்மசீலன் சொன்ன மூன்று வசனங்கள். திருகோணமலைக்கு வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வரவேண்டும். உங்கள் வீடு மாதிரித்தான். எத்தனை நாளென்றாலும் நிற்கலாம். இவை கலியாண வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற வசனங்கள். கேட்கிறவர் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதுதான் முறை.

தர்மசீலன் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞர். எந்தக் கப்பல் வந்தது, எது போனது, எது வர இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் மூன்று நிரலாக எழுதுவது அவருடைய வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கப்பல்கூட காலையில் 'போனவை'யில் இருந்து மாலையில் 'வந்தவை'க்கு மாறியதில்லை.

விருந்தாளி பத்தடி தூரத்தில் இருந்ததால், கணவனும் மனைவியும் கிணற்றடிக்குப் போய்க் குசுகுசுத்தார்கள்.

"நீங்கள்தானே 'வாங்கோ' எண்டனீங்கள். மனுசன் வந்திட்டுது."

"பின்ன 'போங்கோ' எண்டு சொல்லவோ?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. நாளைக்கு வாயைத் திறக்காம நில்லுங்கோ."

இவ்வளவு பெரிய விசயத்தை இவ்வளவு மெல்லிய குரலில் பேசி முடித்தது இருவருக்குமே புதிதாக இருந்தது.

புதன்கிழமை காலை, அதே நேரம், அதே தோள்பை. "அப்ப மச்சான், நான் போயிட்டு வாறன்" என்றார் இராசையா. தர்மசீலன் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

நம்முடைய ஆட்கள் சொல்லிக்கொள்ளாமல் பிரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். செத்த வீடு. இராசையாவின் முகம் வெளுத்தது. பையைக் கழற்றிக் கீழே வைத்தார். தர்மசீலனின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார். ஊரில் யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று கேட்டார். பிரசர் குளிசை போட்டாரோ என்று கேட்டார். இரண்டும் இல்லையென்றானதும், தன்மேல்தான் ஏதோ மனக்குறை என்ற முடிவுக்கு வந்து, தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

மனக்குறை ஒன்றும் இல்லையென்று அவரை நம்பவைக்க ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அதற்கு ஒரே வழியாக, கலியாண வீட்டில் சொன்ன மூன்று வசனங்களையும் தர்மசீலன் மறுபடி சொல்லவேண்டி வந்தது. மூன்றாவதை இராசையா இரண்டு தரம் சொல்லவைத்தார். கந்தோரில் அரைநாள் லீவு வெட்டினார்கள்.

"வாயைத் திறக்காதேங்கோ எண்டு சொல்ல, எத்தினை நாளெண்டாலும் நில்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறீங்கள்" என்று சோபனா அன்று கிணற்றடியில் குசுகுசுத்தாள். குசுகுசுப்பில் எவ்வளவு கோபம் கொள்ளுமோ அவ்வளவும் அதில் இருந்தது.

வியாழக்கிழமைக்கு ஒரு திட்டம் போட்டார்கள். கிண்ணியாவில் இருந்து ஆட்டோ ஓட்ட வரும் றம்ஸான் தெரிந்த பெடியன். அவனை வீட்டுக்கே வரச்சொல்லி இராசையாவை ஏற்றிவிட்டால், அவன் கொண்டுபோய் வெருகல் பஸ்ஸடியில் இறக்கிவிடுவான். பஸ்ஸுக்குள் ஏற்றி, சீட்டில் இருத்தி, பஸ் வெளிக்கிடும்வரை நின்று பார்த்துவிட்டு வா என்று அவனிடம் சொல்லத்தான் தர்மசீலன் நினைத்திருந்தார். ஆனால் றம்ஸான் வந்தபோது இராசையா பக்கத்திலேயே நின்றார். "தம்பி, அத்தானை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பதற்கு மேல் மரியாதையாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

பத்து மணிக்குக் கந்தோருக்கு அழைப்பு வந்தது. சோபனாவின் குரல் கேட்பதே கஷ்டமாக இருந்தது. "வந்திட்டார். தலகணியும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்."

தர்மசீலன் றம்ஸானை அழைத்துக் கேட்டார். அவனுக்கு இதில் என்ன பிழையென்று விளங்கவில்லை.

"மாமா போயிட்டு வாறன் எண்டுதானே உங்களுக்கிட்டச் சொன்னாரு, அண்ணன். அதான் நிண்டு கூட்டிட்டு வந்தன்."

தலகணிக்கு இராசையா சொன்ன காரணம் இன்னும் மோசமாக இருந்தது. பிள்ளையின் தலகணியை எத்தனை நாளைக்குத்தான் தான் பாவிப்பது என்று கேட்டாராம். அந்த 'எத்தனை நாள்' தர்மசீலனை அன்று முழுவதும் விடவில்லை. வர இருக்கும் கப்பல் ஒன்றின் பெயருக்கு எதிரே, தங்கும் காலம் என்ற இடத்தில், 'தெரியாது' என்று எழுதிவிட்டு மைபோட்டு வெட்டினார்.

பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள். துசானி அரிசி மூட்டையடியில் இருந்து ஒருதரமும் முறைப்பாடு சொல்லவில்லை. அதுதான் தகப்பனை இன்னும் வருத்தியது. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்தவர், உடுப்பைக்கூட மாற்றாமல் இராசையாவுக்கு முன்னால் போய் இருந்தார்.

"அத்தான், நான் ஒண்டு சொன்னா நீங்கள் கோவிக்கப்படாது."

"சொல்லுங்கோ மச்சான்."

இப்படித் தொடங்குகிற எவரும் கோபம் வராத விசயத்தைச் சொன்னதில்லை என்று தர்மசீலனுக்குத் தெரியும். இராசையாவுக்கும் தெரியும். தர்மசீலன் அவர் கண்ணைப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினார். பிள்ளைக்குச் சோதினை. அறை ஒன்றுதான் இருக்கிறது. குசினியில் வெளிச்சம் போதாது. இரண்டு வருடம் படித்த படிப்பு. வேறு நேரமென்றால் எத்தனை நாளென்றாலும்... அந்த இடத்தில் தன் வாயைத் தானே பிடித்து நிறுத்தினார்.

இராசையா கோபிக்கவில்லை. குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "எனக்கென்ன மச்சான், என்ர கச்சேரி அலுவல் திங்கக்கிழமையே முடிஞ்சுது. அங்க வயல் கிடக்கு. மனுசி ஒவ்வொரு நாளும் போனில ஏசுறா" என்றார். பிறகு எழுந்து பையை எடுத்தார். புதுத் தலகணியையும் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திங்களே முடிந்ததென்றால் இவ்வளவு நாளும் ஏன் நின்றார் என்று தர்மசீலன் யோசிப்பதற்குள், தேத்தண்ணியோடு வந்த சோபனா தலகணியைக் கண்டுவிட்டாள்.

"என்ர அண்ணையைப் போகச் சொன்னீங்களோ?"

நான்கு நாள் கிணற்றடியில் அடக்கிவைத்த குரல் அது. எதிர்வீட்டு யன்னல் ஒன்று திறந்தது.

"நீதானே சொல்லச் சொன்னாய்?"

"நான் வாயை மூடுங்கோ எண்டு சொன்னன். மூஞ்சைக்கு நேர சொல்லுங்கோ எண்டு சொன்னனோ?"

தர்மசீலனும் எழுந்து நின்றார். அவருக்கும் நான்கு நாள் மிச்சம் இருந்தது. யாருடைய சொந்தக்காரர் என்று தொடங்கியது, யார் கலியாண வீட்டில் அழைத்தது என்று போய், அந்தக் கலியாணத்துக்கு யார் போகவேண்டாமென்று சொன்னது என்று திரும்பி, சோபனாவின் தம்பி வாங்கிக்கொண்டு போன தண்ணிப் பம்பில் வந்து நின்று சூடுபிடித்தது. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவேண்டும் என்ற தேவையே இல்லாமல் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றது.

இராசையா படலையடியில் தலகணியோடு நின்றார். "அப்ப..." என்று தொடங்கியவர் மிச்சத்தைச் சொல்லவில்லை.

குசினிக் கதவடியில் துசானி வந்து நின்றாள். உயிரியல் புத்தகத்துக்குள் ஒரு விரல், மற்றக் கை காதைப் பொத்தியபடி இருந்தது. தாயையும் தகப்பனையும் தாண்டிப் படலையைப் பார்த்துச் சொன்னாள்:

"பாத்தீங்களே மாமா, இதுக்குத்தான் சோதினை முடியுமட்டும் போகவேண்டாம் எண்டு உங்களைக் கெஞ்சினனான்."