"வரேன்" ராஜினாமா ஆன கதை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். உங்கள் தங்கையின் மூட்டுவலியும் நலம், அது நம்மை விட்டுப் போகிற மாதிரி இல்லை. "நமக்கெதுக்குக் கோர்ட்டு, விட்டுத்தள்ளுங்க" என்று போனில் சொன்னீர்களே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஜெயித்துவிட்டோம்.

உங்களுக்கு விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் நம் பெண்ணும் மற்றப் பெண்களும் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றபடியே வேலை பார்க்கிறார்கள். உட்கார ஸ்டூலாவது போடுங்கள் என்று இவள் மேனேஜருக்கு போனில் மெசேஜ் போட்டாள். அவர் மசியவில்லை. இவளும் சளைக்காமல் பதிலுக்குப் பதில் போட்டுவிட்டு, கடைசியில் மரியாதையாக "சரி சார், அப்ப நான் வரேன்" என்று முடித்தாள். மறுநாள் போனால் இவள் இடத்தில் வேறொரு பெண். "நீதான் வரேன்னு சொல்லி விடைபெற்றுக்கிட்டியே, அது ராஜினாமாதானே" என்றாராம் மேனேஜர். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து வழக்குப் போட்டுவிட்டோம்.

அந்த மெசேஜ்களைத் தாளில் எடுத்து வரும்படி வக்கீலம்மா சொன்னார். ஆயுசெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் வீட்டில் இருக்க வெளியாள் எதற்கு என்று நானே தட்டச்சு செய்தேன், விட்டுப்போன ஒற்றெழுத்தையெல்லாம் போட்டேன், மேனேஜரின் ல, ள, ழ மூன்றையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்தேன், "வரேன்" என்பதை "வருகிறேன்" என்று ஆக்கினேன், அவர் போட்டிருந்த கும்பிடு படத்துக்குப் பதிலாக "வணக்கம்" என்று அச்சடித்தேன். வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், பிழையோட இருந்தாத்தான் அது அவர் எழுதினது. நீங்க திருத்தினா அது நீங்க எழுதினது" என்றார். அப்புறம் பெண்ணின் போன் திரையையே தேதி, நேரம், நம்பர் எல்லாம் தெரியப் படமெடுத்தேன். படமெடுக்கிற நேரம் பார்த்து உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து அதே போனுக்கு "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று அனுப்ப, அதுவும் படத்தின் உச்சியில் விழுந்துவிட்டது. நானும் கவனிக்கவில்லை. நீதிபதி ஐயா கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "கேஸ் தீர்ந்துபோச்சுன்னு முதல் பக்கத்துலயே இருக்கே, அப்புறம் எதுக்கு வந்தீங்க" என்று கேட்டார். அது அடுப்பு கேஸ் என்று நான்தான் எழுந்து நின்று விளக்கம் சொன்னேன்.

"வரேன்" என்றால் விடைபெறுவது என்று அவர்கள் வக்கீல், திரும்பி வருவது என்று நம் வக்கீலம்மா, மணிக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் மேனேஜர் சாட்சி சொல்லி முடித்து, கூண்டிலிருந்து இறங்கும்போது பழக்க தோஷத்தில் நீதிபதியைக் கும்பிட்டு, "அப்ப நான் வரேங்கய்யா" என்றார்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் ராஜினாமாவா?"

கோர்ட்டே சிரித்தது மச்சான். இவளை மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெளியே தூசி என்று சமாளித்தேன்.

மூத்தவரான உங்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். ஜெயித்ததை உங்கள் வீட்டு அக்காவிடம் உங்கள் வாயாலேயே சொல்லவும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற பெண்ணின் தகப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பெண் வந்து நிற்கிறாள். இன்றுதான் வேலைக்குத் திரும்பப் போனாள், மத்தியானமே வந்துவிட்டாள். கோர்ட்டுக்குப் பயந்து இவளுக்கு மட்டும் ஸ்டூல் போட்டிருந்தார்களாம். "அவங்கல்லாம் நிக்கிறப்ப நான் மட்டும் எப்படிப்பா உக்கார்றது?" என்கிறாள். கடைக் குழுவில் இவள் போட்ட மெசேஜைக் காட்டினாள். ஒரே சொல், "போறேன்." அதற்குக் கீழே மற்றப் பெண்கள் வரிசையாக, "நானும் போறேன்", "நானும்", "நானும்". மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள், வேலை போச்சு. ஆனா என்னமா எழுதியிருக்கா பாருங்க மச்சான், எம்பொண்ணு.