மூட்டையில் இருந்தவர்

பிரிபோவின் படகில் ஒரு பொருளை ஒளித்து வைக்க இடமே கிடையாது. ஒரே ஒரு பாய்மரம், உட்காரக் குறுக்கே ஒரு பலகை, தண்ணீர் இறைக்க ஒரு சிரட்டை. அவ்வளவுதான் படகு. அதனால் தரவா தீவிலிருந்து கிளம்பும்போது ஒரு கைத்தையல் மிஷினைத் தேங்காய்க் குவியலுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தான்.

அபையாங் தீவில் நங்கூரம் போட்டானோ இல்லையோ, அவன் மாமன் மகன்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மச்சான், தேங்காயெல்லாம் திரட்சியா இருக்கே. புபுசி!"

அந்தத் தீவுகளில் சொந்தக்காரன் வாயிலிருந்து 'புபுசி' என்று வந்துவிட்டால், கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். இல்லை என்று சொன்னவன் பெயர் அவன் வீடு போய்ச் சேருவதற்குள் நாறிவிடும். மற்றவர்களாவது தலையைச் சொறிவார்கள், அடுத்த வாரம் என்பார்கள். பிரிபோவுக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை. தேங்காய்த் தீவிலேயே இருந்துகொண்டு ஒருவன் தேங்காய்க்குப் புபுசி கேட்பது, பிரிபோவைக் கண்டால் மட்டும்தான் நடக்கும்.

குவியல் கரைந்தது. மிஷின் மேல் ஒரு தாழம்பாயை இழுத்துப் போட்டான்.

"பாய் புதுசா மச்சான்?"

தாழம்பாய் போனது. அதன் பின்னால் கெட்டில் போனது. தூண்டில் கயிறு போனது. தண்ணீர் கேனும் போனது. கடைசியில் பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் அகட்டி, வேட்டியை விரித்து மிஷினை மறைத்துக்கொண்டான்.

"நீ உக்காந்திருக்கியே, அந்தப் பலகை..." என்று மூத்தவன் ஆரம்பித்ததும் பிரிபோ நங்கூரத்தை இழுத்துவிட்டான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு புபுசி முடிவதற்குள் ஓடினான்.

வேறு எதுவாக இருந்தாலும் கொடுத்திருப்பான். மனைவி தேவுயாவின் பழைய மிஷினையும் அப்படித்தான் சித்தப்பா மகளுக்குத் தூக்கிக் கொடுத்தான். தேவுயா கத்தவில்லை, அழவில்லை. துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு புத்தாரிதாரித் தீவில் இருக்கும் அப்பா வீட்டுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். போகும்போது ஒன்று மட்டும் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் நீ நல்லவன். எனக்கும் ஒரு நாள் நல்லவனா இருந்து பாரு. மிஷினோட வந்தா வா. இல்லைன்னா அந்தப் பக்கமே வராத."

அந்தப் பருவம் முழுக்கக் கொப்பரை வெட்டி, கையெல்லாம் காய்ப்புக் காய்த்து, இந்த மிஷினை வாங்கினான். இதுவும் போனால் தேவுயா வரமாட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

தண்ணீர் கேன் இல்லாமல் புத்தாரிதாரி வரை போக முடியாது. வழியில் மரக்கே தீவில் இறங்கித்தான் ஆக வேண்டும். மரக்கேயில் அபையாங்கைவிடச் சொந்தக்காரர்கள் அதிகம். திறந்த கடலில் சுக்கானைப் பிடித்தபடி பிரிபோ யோசித்தான். எதைக் கண்டால் மனிதன் புபுசி கேட்க மாட்டான்? யோசிக்க யோசிக்க ஒன்றுதான் தோன்றியது. மிஷினை, அதற்கு அடியில் விரித்திருந்த வெள்ளைப் படுக்கைவிரிப்பிலேயே சுற்றி, நான்கு பக்கமும் முடிச்சுப் போட்டு, மேலே இரண்டு குச்சியைச் சேர்த்துக் கட்டிய ஒரு சின்ன மரச் சிலுவையைச் செருகினான்.

மரக்கேயின் கரையில் கள் இறக்கும் மோத்தே படகைப் பிடித்து இழுத்துவிட்டான். மூட்டையைப் பார்த்தான்.

"என்னய்யா அது?"

"எலும்பு" என்றான் பிரிபோ. "நம்ம சொந்தக்காரர் ஒருத்தர். வெளியூர்ல செத்துட்டாரு."

மோத்தே தொப்பியைக் கழற்றினான். கூட்டமும் பின்வாங்கியது. யாரும் எதையும் கேட்கவில்லை. பிரிபோவுக்குத் தன் புத்தியை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அகோயா வந்துவிட்டாள்.

அகோயா அவனுக்கு அண்ணி முறை. அவன் பெரியப்பா மகன் இயோனாவின் மனைவி. இயோனா வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்ப் பல வருஷமாகிறது. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினானாம், திரும்ப ஏறவில்லையாம். செத்தான் என்றும் சேதியில்லை, இருக்கிறான் என்றும் சேதியில்லை. மனைவிகள் வரிசையில் உட்காருவதா, விதவைகள் வரிசையில் உட்காருவதா என்பதற்கே கோயிலில் அகோயாவுக்கு வழக்கு. அவள் எதைக் கேட்டாலும், "முதல்ல சேதி வரட்டும்மா" என்று ஊர்ப் பெரியவர்கள் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மூட்டையைப் பார்த்தாள். பிரிபோவைப் பார்த்தாள்.

"இயோனாவா?"

அவன் சட்டென்று மூட்டையை அணைத்துக்கொண்டான். அதுவே போதுமாக இருந்தது. அகோயா போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் எழும்பிப் பறந்தது.

நான்கு பேர் மூட்டையைத் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் கீழே வைத்தார்கள்.

"கப்பல்ல நல்லாத்தான் சாப்பாடு போட்டிருக்கான்" என்றான் ஒருவன்.

உள்ளே மிஷினோடு வாங்கிய நூல்கட்டைகள் உருண்டு கடகடத்தன.

"பல்லு" என்றான் இன்னொருவன். மோத்தே மூட்டையையும் அகோயாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

ஊர்க்கூடத்தின் நடுவில் மூட்டையை வைத்தார்கள். பன்றி அடித்தார்கள். கிழங்கு வெந்தது. உபதேசியார் ஜெபம் சொல்ல வந்தார். பிரிபோ அவரைத் தூணோரம் இழுத்துப் போனான்.

"ஐயா, இங்க அடக்கம் பண்ண வேண்டாங்க. புத்தாரிதாரிக்குக் கொண்டு போகணும்னு... அதான் அண்ணனோட கடைசி ஆசை."

உபதேசியாரைப் பொறுத்தவரை அது செத்தவரின் ஆசைதானே, ரகசியம் அல்லவே. கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அகோயாவின் அண்ணன் எழுந்து நின்றான்.

"புத்தாரிதாரில அவனுக்கு என்ன வேலை? அங்க எவ இருக்கா?"

"யாருமில்ல மாமா!"

"பின்ன எதுக்கு அங்க போகணுமாம்? இத்தனை வருஷம் அங்கதான் குடும்பம் நடத்தினானா? சொல்லுடா!"

"ஐயோ, இல்ல மாமா! அண்ணன் உத்தமரு. ஆசையே இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்ப இங்கயே புதைக்கலாம்ல?"

"புதைக்கலாம்" என்றான் பிரிபோ. வேறு என்ன சொல்வான்?

எலும்பைப் புதுப் பாயில் சுற்றிக் கட்டுவது மனைவியின் வேலை. மற்றவர்கள் வெளியே நிற்க, அகோயா மூட்டையைத் தன் குடிசைக்குள் எடுத்துப் போகச் சொன்னாள். இதோ முடிச்சை அவிழ்ப்பாள், இதோ அலறுவாள், இதோ அவள் அண்ணன் கத்தியோடு வருவான் என்று பிரிபோ காத்திருந்தான். பந்தி நடந்துகொண்டிருந்தது. தன் பங்குப் பன்றிக்கறியைப் பக்கத்தில் இருந்தவனிடம் தள்ளிவிட்டான். வெகுநேரம் கழித்து அகோயா வெளியே வந்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. பாய்க்கட்டு நேர்த்தியாக, கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. படுக்கைவிரிப்போடேயே சுற்றிவிட்டாள் போலிருக்கிறது என்று பிரிபோ மூச்சு விட்டான். விட்ட பிறகுதான் தன் நிலைமை உறைத்தது.

குழியில் மண் விழுந்தபோது பிரிபோ அழுதான். ஊரே அசந்து போகும்படி அழுதான். முதலில் மிஷினுக்காக அழுதான். பிறகு தேவுயாவுக்காக. எத்தனையோ பேர் கேட்ட எதையெதையோ கொடுத்தவன், வாய் திறந்து புபுசி கேட்காத ஒருத்திக்கு மட்டும் எதையுமே கொடுத்ததில்லை என்று அந்த மணல்மேட்டுக்கு முன்னால்தான் அவனுக்குப் புரிந்தது. அழுகை நடுவே இயோனா அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த மனிதனுக்காக இத்தனை வருஷமாக யாரும் அழக்கூட இல்லை. ஒரு பொய் சொல்லி அவனை மண்ணுக்குள் அனுப்பியாகிவிட்டது. பிரிபோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று கிழவர்கள் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் காலை, வெறும் படகைத் தண்ணீரில் தள்ளினான். புத்தாரிதாரிக்குப் போவதா, தரவாவுக்கே திரும்புவதா என்று அவனுக்கே தெரியவில்லை. அகோயா ஒரு கேன் நிறையக் குடிதண்ணீர் கொண்டுவந்து படகில் வைத்தாள். மனம் கேட்கவில்லை அவனுக்கு. உண்மையைச் சொல்லிவிட்டு அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும். நேத்து அந்த மூட்டைல..."

"வாயைத் தொறக்காத" என்றாள் அகோயா. சுற்றுமுற்றும் பார்த்தாள். "இன்னிக்குக் காலைலதான் என்னைக் கோயில்ல விதவை வரிசையில உக்கார வச்சாங்க. அதைக் கெடுத்துடாத."

"அண்ணன் பேருக்கு நான் பெரிய பாவம் பண்ணிட்டேன் அண்ணி."

"அழுதேன்ல? அது நெசந்தான். அந்த மனுசனுக்காக அழணும்னு எத்தனை வருசமா இருந்தேன் தெரியுமா? அழக்கூட விடல இந்த ஊரு, சேதி வரட்டும் சேதி வரட்டும்னு. விடு. காத்து நல்லா இருக்கு, கிளம்பு."

அவன் பாயை ஏற்றினான். அப்போது மோத்தே தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நடந்து வந்தான். தோளில் ஒரு பெரிய ஓலைக்கூடை. மேலே ஈரப்பலாக்காய் அடுக்கியிருந்தது. சுமை தாங்காமல் மூச்சு வாங்கினான். கூடையை அவன் இறக்கி வைத்தபோது படகே ஒரு பக்கம் சாய்ந்தது. ஈரப்பலாவுக்கு அடியில் ஏதோ உருண்டு கடகடவென்றது.

பிரிபோ கூடையைப் பார்த்தான், அகோயாவைப் பார்த்தான். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோத்தே படகை ஆழத்துக்குத் தள்ளிவிட்டபடி, கரைக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

"குழியில கெடக்கறது என்னோட நங்கூரக் கல்லு, தம்பி. உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லி இந்த மிஷின்லயே அகோயாவுக்கு வெள்ளையா ஒரு கல்யாணக் கவுன் தைச்சு அனுப்பு. புபுசி!"