எட்டடியாரின் சொல் கேளாத கை

காதலிக்காக உயிரையே கொடுப்பேன் என்றவர்கள் கோயமுத்தூரில் எத்தனையோ பேர். காதலிக்காக அத்தனை சினிமா கதாநாயகிகளின் முகத்தையும் ஒழித்துக் கட்டியவர் எட்டடியார் ஒருவர்தான்!

சினிமாக் கொட்டகைகளுக்குப் பேனர் வரைகிறவர். எட்டடிக்குக் குறைந்த முகத்தைத் தொடமாட்டார். அதனால் அந்தப் பெயர். அவருடைய ஷெட்டுக்கு எதிர்மாடியில்தான் கல்லூரிப் படிப்புக்காக நான் அறை எடுத்திருந்தேன். படித்ததெல்லாம் ஷெட்டில்தான்.

அதே தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வர்ணம் தீட்டுவது முதலாளியின் மகள். கண்ணில் பூதக்கண்ணாடி லென்ஸ், கையில் மூன்று மயிர் பிரஷ். உள்ளங்கையைவிடப் பெரிதாக எதையும் அவள் தீட்டியதில்லை. எட்டடியார் தன் படத்தைக் கொடுத்து வர்ணம் போட்டு வாங்கி வந்தார். கன்னத்தில் அவள் ஏற்றியிருந்த ரோஸ் நிறத்தையே மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் அவர் வரைந்த மகாராணிக்கு அவள் முகம்!

அப்புறம் எல்லாமே அவள்தான். புராணப் படத்தில் அம்மன், மர்மப் படத்தில் பேய். சூலூர் பஸ்ஸில் வந்து கியூவில் நின்றவர் ஒருவர் என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க, போன வாரம் பேயா வந்த அம்மணியே இந்த வாரம் மாரியாத்தாளா வருதுங்களா? பரவால்லீங்க, நல்லா முன்னுக்கு வந்துருச்சு!"

அவளுக்கு வெட்கமெல்லாம் கிடையாது. திருத்தம்தான் உண்டு. பேனரைப் பார்த்த மறுநாள் எறும்பு எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு வரும்: 'இடது புருவம் ஒரு நூல் தூக்கல்.' எட்டடியார் ஏணியோடு ஓடுவார். மேட்னிக் கூட்டமே அண்ணாந்து பார்க்க, ஒரு நூல் இறக்கிவிட்டு வருவார்.

"எதுக்குங்க இந்த வெயில்ல?" என்றேன்.

"தப்புன்னு அவுங்க சொல்லிப்போட்டாங்க தம்பி. அப்பறம் சோறு எறங்குமா?"

ஒருநாள் ஸ்டூடியோக்காரர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். ஈரோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், சினிமாவில் நடிக்கிற பெண் வேண்டாம் என்று அப்படியே ரயிலேறிவிட்டார்களாம்.

"என்ற புள்ள மூஞ்சிய ஊரு பூராத் தொங்க உட்டுப்போட்டயே, தம்பி!"

"எனக்கே கட்டிக் குடுத்துருங்க. ஊட்டோட வெச்சுக்கறேனுங்க."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "வர்ற வெள்ளிக்கெழம புதுப்படம். அந்தப் பேனர்ல என்ற புள்ள சாடை துளி இருக்கப்படாது. இருந்துது, அவள வேற எடத்துல குடுத்துப்போடுவேன். இல்லீன்னா பேசலாம்."

எட்டடியார் பேனர் துணியில் கட்டம் போட்டார், கதாநாயகியின் போட்டோவைக் கண்ணெதிரே ஒட்டிக்கொண்டார். மூக்குவரை ஒழுங்காக வரும். படத்துக்குக் கண் வரைந்தால் ஸ்டூடியோ அம்மணி பார்ப்பாள்! அழித்தார், வரைந்தார், அழித்தார். வியாழன் காலை பிரஷைக் கீழே போட்டுவிட்டார்.

"கை எம்பேச்சக் கேக்கலீங்களே தம்பி." மலைபோன்ற மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார்.

அப்போதுதான் அவளே வந்தாள், லென்ஸும் மூன்று மயிர் பிரஷுமாக.

"நீங்க அக்கட்டால போய்ப் படுங்க," என்று அவரை விரட்டிவிட்டுச் சாரத்தில் ஏறினாள். ஒரு புருவத்துக்கு ஒன்றரை மணி நேரம்! சாயங்காலத்துக்குள் கதாநாயகி அச்சு அசலாகக் கதாநாயகியாகவே ஆகிவிட்டாள். "இவரையும் முடிச்சுர்றேன்," என்று பக்கத்திலிருந்த கதாநாயகனையும் அவளே தீட்டினாள். நான் வர்ண டப்பா பிடித்தே ஓய்ந்துபோனேன். அண்ணாந்து பார்க்கத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோக்காரர் பேனருக்குக் கீழே நின்றார். பக்கத்தில் மகள், பின்னால் எட்டடியார். கதாநாயகியைக் கூர்ந்து பார்த்துத் தலையாட்டினார். பிறகு கண் கதாநாயகன் பக்கம் நகர்ந்தது.

உருவிய வாள், தலையில் கிரீடம். கோணல் மீசையும் உப்பிய கன்னமும் எட்டடியாருடையவை. காதில் செருகிய பென்சில்கூட அவருடையதுதான்!

"தெரியாமப் பண்ணிப்போட்டேனுங்கப்பா," என்றாள் அம்மணி. முகமெல்லாம் அந்த ரோஸ் நிறம்.

ஸ்டூடியோக்காரர் பேனரையும் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தையில நாள் பாத்துர்றேன். இதுகளத் தனித்தனியா உட்டா எந்தப் படத்துல யாரு நடிக்கறாங்கன்னே ஊருக்குத் தெரியாது."

படம் பத்து நாள்தான் ஓடியது. பத்து நாளும் கொட்டகை வாசலில் போய்ப் பேனரை அண்ணாந்து பார்த்து நின்றேன். டிக்கெட் மட்டும் ஒரு நாளும் வாங்கவில்லை.