பள்ளத்துப் பக்கம் சாய்ந்த மேசை

ஐம்பத்தொரு வயதில் ஒரு மனிதன் செய்துகொள்ளக்கூடிய ஆபத்தில்லாத காரியம் பல் கட்டிக்கொள்வது. நாகரத்தினம் அதை விட்டுவிட்டு, பில்லியர்ட்ஸ் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தார்.

காரணம், அவர் மனைவி ரஞ்சிதத்தின் அண்ணன் அர்ஜுனன். போன வருஷம் எஸ்டேட் குடும்ப தினத்தன்று கிளப்பில் ஆட்டம் வைத்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் எடை எழுதும் கிராணியான நாகரத்தினம் குச்சியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். வெள்ளைப் பந்து மேசையை விட்டுக் கிளம்பி, அர்ஜுனனின் மைலோ குவளைக்குள் இறங்கிக் குளித்தது. லோரி ஓட்டும் அர்ஜுனனுக்கு ஊரெல்லாம் சிநேகிதர்கள். பிரிஞ்சாங் சந்தையில் அத்தனை பேர் முன்னால், "மாப்ளே, மைலோ குடிக்கிறீங்களா, இல்ல பந்து மட்டும் போதுமா?" என்று கேட்டுவிட்டார்.

இந்த வருஷம் மச்சானைத் தோற்கடிக்காவிட்டால் இனிமேல் வெறும் தண்ணீரைக்கூட நிம்மதியாகக் குடிக்க முடியாது.

கிளப்பைக் கூட்டித் துடைப்பவள் ரஞ்சிதம். ஞாயிறு அவளுக்கு லீவு. அதுதான் திட்டத்தின் அஸ்திவாரம். ஞாயிறுதோறும் நெற்றி நிறைய விபூதி பூசி, "கோயில் கமிட்டி மீட்டிங்" என்று கிளம்பினார். கிளப்பில் கைபேசியை நிமிர்த்தி வைத்து, வீடியோவில் ஆட்டம் சொல்லித்தரும் வெள்ளைக்காரன் குனிகிற அளவுக்குக் குனிந்தார். நிமிர்வதற்குத்தான் நேரமானது. படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பது இயற்பியல். அவருடைய பந்து இயற்பியல் படித்ததாகத் தெரியவில்லை. குழியின் வாசல்வரை ஒழுங்காகப் போய், கடைசி நேரத்தில் மனம் மாறி ஒதுங்கிவிடும். குற்றம் முழங்கையில்தான் என்று முடிவுகட்டித் தைலம் தேய்த்தார்.

இரண்டாவது ஞாயிறு, வீடு திரும்பியதும் ரஞ்சிதம் கேட்டாள்.

"மீட்டிங்ல என்னாங்க பேசுனீங்க?"

"தேர் விஷயந்தான்."

"தேருக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா?"

"ஏன்?"

"மூக்குல நீலம். விரல்ல நீலம். நம்ம மாரியம்மனுக்கு எப்பலேர்ந்து நீல விபூதி?"

குச்சியின் நுனியில் தேய்க்கிற நீலச் சாக்கட்டி, தேய்த்தவனையும் விடுவதில்லை.

"ஒம்பது வருஷமா அந்தத் தூளைத்தான் நான் தொடைக்கிறேன். எனக்குத் தெரியாதா லா?"

நாகரத்தினம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ரஞ்சிதம் கோபப்படவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"அண்ணனை ஜெயிக்கணும், அவ்வளவுதானே? அந்த மேசைல ஒரு ரகசியம் இருக்கு. வீட்டுக்குப் பின்னால சௌசௌப் பந்தல் விழுந்து ஆறு மாசமாச்சு. அதைக் கட்டுங்க, சொல்றேன்."

"உனக்குக் குச்சியில எது தலை, எது வால்னு தெரியுமா?"

மறுநாள் கிளப்பில் அவரை நிற்கவைத்து, தோளில் துடைக்கிற துணியோடு குனிந்தாள். குழி ஒரு பக்கம் இருக்க, வேறெங்கோ பார்த்து அடித்தாள். பந்து மெல்ல வளைந்து, சாயங்காலம் தொழுவத்துக்குத் திரும்பும் மாடுபோலக் குழிக்குள் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை முழுதும் தூறல். பதினோரு மூங்கில் நட்டு, கட்டைவிரலை இரண்டு தடவை சுத்தியலுக்குக் கொடுத்து, பந்தலைக் கட்டி முடித்தார். ரஞ்சிதம் பக்கத்திலேயே நின்று குடை பிடித்தாள். தனக்கு.

"இப்ப சொல்லு."

"மேசை பள்ளத்துப் பக்கம் சாயுது. குழிக்கு ரெண்டு விரல் மேட்டுப் பக்கமாப் பாத்து அடிங்க."

"இவ்வளவுதானா! உங்கண்ணனுக்கு இது தெரியுமா?"

"நான்தானே சொன்னேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி நம்ம குளியலறைக் கூரையைச் சும்மாவா மாத்திக் குடுத்தாரு?"

குடும்ப தினம் வந்தது. எஸ்டேட்டே கிளப்பில் கூடியிருந்தது.

"மைலோ கலக்கவா, மாப்ளே?" என்றார் அர்ஜுனன்.

நாகரத்தினம் புன்னகைத்தார். சரியாக இரண்டு விரல் மேட்டுப் பக்கம் பார்த்து அடித்தார். பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போய், சரியாக இரண்டு விரலில் குழியைத் தவறவிட்டது. அர்ஜுனன் சிரித்துக்கொண்டே குனிந்தார். அவருக்கும் அதே இரண்டு விரல். அரை மணி நேரம் ஒரு பந்தும் விழவில்லை. சின்னப்பிள்ளைகள் பலூன் பக்கம் போய்விட்டார்கள்.

மேசையின் பள்ளத்துப் பக்கக் காலுக்கு அடியில் புதுப் பலகை ஒன்று செருகியிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. அவ்வளவு தூரம் குனிந்து பார்க்கிறவர்கள், துடைக்கிறவர்கள் மட்டுமே.

நாகரத்தினம் ரஞ்சிதத்திடம் ஓடினார். "என்னாடி இது, பந்து நேராப் போவுது!"

"போகுந்தான். அது புது ரகசியம். கோழிக் கூண்டுக்குக் கதவு இல்லைங்க."

தன் கட்டைவிரலைப் பார்த்து அவர் யோசித்து முடிப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கதவை நான் போட்டுத் தாரேன், தங்கச்சி. சுத்தியல் லோரியிலயே இருக்கு."