நிறைகுடத்தில் இரண்டு ஆமைகள்

எனக்குப் பொய் சொல்லவே வராது என்று நம்புகிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சில பேர் இருக்கிறார்கள். பாவம், அவர்கள் மனசு நோகக்கூடாதே என்றுதான் இதை இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தேன்.

ஐம்பதுகளில் நடந்தது. வடகரப்பதிப் பக்கம் எங்கள் தோட்டம். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்தபோது, தோல் சாலோடு ஏறி வந்தன இரண்டு ஆமைகள். உள்ளங்கை அகலம்தான். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கல்தொட்டியில் விட்டு வளர்த்தேன். வெயில் காய ஒரு செங்கல். தின்ன மண்புழு, நத்தை. தினமும் தண்ணீர் மாற்றுவேன். (மாற்றாவிட்டால் நாற்றமே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.) எனக்குப் பதினொரு வயது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அதனால் நேரத்துக்குப் பஞ்சமில்லை.

ஆமை இருக்கிற வீட்டில் எங்கள் பக்கம் பெண் எடுக்கமாட்டார்கள். குடும்பம் விளங்காதாம். அக்காவுக்கு ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டன.

"வந்தவீங்க காலு கழுவோணும். அந்தக் கல்தொட்டியெத் தேச்சு உடு புள்ளெ!" என்றார் அய்யன். (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.)

ஆமைகளைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். கிணற்றடியில் வண்டிக்காரர்கள். அண்டாவில் விட்டால் யாராவது சொம்பை விட்டு மொள்வார்கள். யாருமே கைவைக்காத பாத்திரம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது: விளக்கு முன்னால் வைத்திருந்த நிறைகுடம். தேங்காயைத் தூக்கினேன், இரண்டையும் உள்ளே போட்டேன், தேங்காயை வைத்து மூடினேன். வழிந்த தண்ணீரைப் பாவாடையாலேயே துடைத்தேன். என் புத்தியை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சபை கூடிய பிறகுதான் உறைத்தது. ஆமை மீன் இல்லையே! மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். மேலே தேங்காய் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சொன்னால் அக்கா கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் இரண்டு உயிர் போச்சு. வெற்றிலைத் தட்டை மாற்றிவிட்டால் நிச்சயம் முடிந்துவிடும். பெரியவர்களோ மழையைப் பற்றிப் பேசினார்கள், கடலைக்காயைப் பற்றிப் பேசினார்கள், போன வருஷம் செத்துப்போன மாட்டைப் பற்றிக்கூடப் பேசினார்கள். நான் மூச்சு விடவில்லை. (ஆமைகளுக்குத் துணையாக.)

தேங்காய் ஆடியது.

"ஏனுங்க, தேங்கா ஆடுதுங்க!" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

"காத்துங்க" என்றாள் அம்மா. விளக்குச் சுடர் அசையாமல் நின்றது.

தேங்காய் மறுபடி ஆடி ஒரு பக்கம் சாய்ந்தது. மாவிலைக்கு நடுவில் கறுப்பாக ஒரு மூக்கு. அதற்கு நேர் எதிரே மாப்பிள்ளை. அவர் மூக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாசி ஒட்டிய என் ஈரப் பாவாடையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"அத்தெ, ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளாட்டம் இருக்குதுங்க. இன்னும் என்னத்துக்குங்க பேச்சு? தட்டெ மாத்துங்க!"

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தட்டு மாறியது. சாமி வந்த தண்ணீரைத் தன் கையாலேயே கிணற்றில் சேர்க்கப் போவதாகச் சொல்லி, மாப்பிள்ளை குடத்தைத் தூக்கிக்கொண்டார். வழிகாட்ட என்னைக் கூப்பிட்டார்.

வண்டிக்காரர்கள் பந்திக்குப் போயிருந்தார்கள். ஆளில்லாத கிணற்றடியில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எங்கக்காளெ வேண்டாம்னு சொல்லிப்போடாதீங்க மச்சான்!"

"அவளெ உட்டா எனக்கு வேற ஆரு இருக்கறா?" என்றபடி குடத்தைக் கவிழ்த்தார். தொபுக், தொபுக். "ஏம் அம்முணி, ஊட்ல உனக்கு வேற கொடமே கெடைக்கலயா?"

அந்த அத்தை விஷயத்தை ஊரெல்லாம் பரப்பிவிட்டாள். இன்றைக்கும் அவர்கள் வகையறாவில் நிச்சயம் என்றால் எங்கள் வீட்டுக் குடத்தைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள். தேங்காய் ஆடுமா என்று சபையே கண் கொட்டாமல் காத்திருக்கும். ஆடாது. தொண்ணூறைத் தாண்டிய மச்சான் அப்போது சத்தமாக என்னைக் கேட்பார்:

"அம்முணி, கெணத்துப் பக்கம் ஒருக்காப் போயிட்டு வர்றயா?"

யாருக்கும் புரியாது. அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.