ஏலக்காரரின் உரிமமும் எமிலின் கொட்டகையும்

ஹாக்பெர்ரி கவுண்டி, நெப்ராஸ்கா
ஏப்ரல் 9

அன்பிற்குரிய எமிலுக்கு,

அத்தை லுட்மிலா எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம். நீயும் உன் மனைவியும் உன் புதிய டிராக்டர் கொட்டகையும் நலமென்று நம்புகிறேன்.

எழுபத்தாறு வயதில் என்னைத் தேர்தலில் நிற்க வைத்துக் கவுண்டி சர்வேயர் ஆக்கிய உனக்கு நன்றி சொல்லவே இக்கடிதம். காது கேட்கும் கருவிக்கான படிவம் என்று சொல்லித்தான் வேட்புமனுவில் என்னிடம் கையெழுத்து வாங்கினாய். காரணம் எனக்குத் தெரியாதென்று எண்ணாதே. உன் பக்கத்து நிலத்துக்காரர் ராஸ்கோ ப்ளாஹா, இந்தச் சர்வேயர் தேர்தலில் வென்றால் முதல் வேலையாக உன் கொட்டகையை அளந்து இடிக்க வைப்பதாகத் தேவாலய விருந்தில் கையில் கொலாச்சி பன்னோடு சபதம் செய்திருந்தார். இந்தப் பதவிக்கு நிற்பவரிடம் நில அளவை உரிமம் இருந்தாக வேண்டும். நம் கவுண்டியில் அது உள்ள ஒரே உயிர் நான். ஓய்வுபெற்ற பின்னும் வெறும் பிடிவாதத்தால் ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து வந்ததை நீ ஒருவன்தான் நினைவில் வைத்திருந்தாய்.

விஷயம் தெரிந்ததும் மனுவைத் திரும்பப் பெறவே கவுண்டி அலுவலகம் போனேன். அங்கே தம் வேட்புமனுவோடு வந்திருந்த ராஸ்கோ, கண்ணாடிச் சட்டமிட்ட உரிமம் ஒன்றை எழுத்தர் டெல்பாவின் மேசைமேல் சாத்தி வைத்திருந்தார்.

“இது ஏலம் போடற லைசென்ஸ் அண்ணே,” என்றாள் டெல்பா.

“ஃபாரத்துல லைசென்ஸ் நம்பர்னுதானம்மா கேட்டிருக்கு? இந்தக் கவுண்டில பாதி நிலத்த நான்தான் வித்துக் குடுத்திருக்கேன்.”

“விக்கத் தெரியும். அளக்கத் தெரியணுமே.”

சற்று யோசித்துவிட்டு அவர் தம் மீன்பிடி உரிமத்தையும் எடுத்து நீட்டினார். அக்கணமே மனுவைத் திரும்பப் பெறும் எண்ணம் என்னைவிட்டுப் போயிற்று. போட்டியின்றி வென்றேன்.

பதினோரு ஆண்டுகளாக என் முழங்காலைத் தவிர எதையும் என்னிடம் யாரும் விசாரித்ததில்லை. இப்போது எல்லைக்கல் எங்கே என்று கேட்கிறார்கள். நான் சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள். இந்த நன்றியை நான் உள்ளபடியே சொல்கிறேன், எமில்.

விதைப்பு நல்லபடி நடக்கட்டும். வீட்டிலுள்ள அனைவருக்கும் என் ஆசிகள்.

நன்றி மறவாத அத்தை,
லுட்மிலா வோந்த்ரா
கவுண்டி சர்வேயர், உரிமம் பெற்றவர்

பி.கு.: ராஸ்கோ எழுதிக் கொடுத்த புகாரின்பேரில் நேற்று உன் கொட்டகையை அளந்தேன். நாலடி அவர் நிலத்தில் நிற்கிறது. அத்தையின் கண்ணுக்கு நாலடி பெரிதில்லை. ஆனால் வரைபடத்தில் முத்திரையிட வேண்டியவள் உரிமம் வைத்திருப்பவள். இட்டுவிட்டேன். இம்மாத இறுதிக்குள் நகர்த்திவிடு. நான் எல்லை முளை அடித்ததைப் பார்த்து ராஸ்கோவே திகைத்துப்போனார். “நெசமாவே நாலடியா அக்கா? நான் சும்மா மெரட்டிப் பாத்தேன். நான் ஜெயிச்சிருந்தா அந்த அளக்குற கருவில எந்தப் பக்கம் கண்ண வெக்கிறதுன்னே தெரிஞ்சிருக்காது. ரெண்டு பீர் வாங்கிக் குடுத்திருந்தா விட்டுட்டுப் போயிருப்பேன்.”